ஒரே கிருமி, வேறு வேறு உடம்பு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் எலிகளையும் மலேரியாவையும் பற்றி ஒரு சின்னப் பந்தி எழுதியிருந்தேன். ஒரே அளவு மலேரியாக் கிருமியை ஏற்றினாலும் சில எலி இனங்கள் பிழைக்கும், சில சாகும், ஒரே இனத்துக்குள்ளும் ஆண் எலிகள் கூடுதலாகச் சாவதுண்டு என்பதுதான் அதன் சாரம். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கொழும்பில் ஓர் ஒட்டுண்ணியியல் ஆய்வுகூடத்தில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. அதில் பெரும்பகுதி எலியின் வால் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, ஸ்லைட்டில் இழுத்து, கீம்சா சாயம் ஊற்றி எண்ணுவதுதான். அதனால் இந்தமுறை வேறு கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இதற்கே முழுப் பக்கத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அன்ரி, நான் வெள்ளவத்தையில் உயர்தரம் உயிரியல் பிரிவில் படிக்கிறேன். அம்மம்மாவின் ஊர் வவுனியாவுக்குப் பக்கத்தில். 1968இல் வீட்டில் எல்லாருக்கும் மலேரியா வந்ததாம். அம்மம்மாவும் அவருடைய தங்கச்சியும் பிழைத்தார்கள், அண்ணா இறந்துவிட்டார். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே நுளம்பு. நீங்கள் எழுதிய எலிகளைப் போல, அவர் ஆண் என்பதாலா?

பதில்: மகள், அம்மம்மாவிடம் கேட்டு எழுதியதற்கு நன்றி. அந்த அலையை நேரில் கண்டவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். 1963இல் நாடு முழுவதற்கும் 17 மலேரியா நோயாளர்தான் பதிவானார்கள். ஒழிந்துவிட்டது என்று எல்லாரும் நம்பினார்கள். பிறகு 1967இல் தொடங்கி, 1969இல் ஒரே வருடத்தில் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. உங்கள் அம்மம்மாவின் வீடு அந்த அலைக்குள் வந்த ஒரு வீடு.

அண்ணா ஏன் இறந்தார் என்று என்னால் சொல்ல முடியாது. மனிதருக்கு மலேரியா தரும் கிருமிகளில் வந்தது பால்சிபாரமா, வைவாக்ஸா? குளோரோகுயின் மருந்து எத்தனையாம் நாள் கிடைத்தது? காய்ச்சலுக்கு முன்பே உடம்பில் இரத்தம் குறைவா? இதில் ஒன்று மாறினாலும் முடிவு மாறும். மனிதக் குடும்பத்தில் இவற்றைப் பிரித்துப் பார்க்க வழியில்லை. எலிகளிடம் போனதற்குக் காரணமே அதுதான். அங்கே சாப்பாடு, வயது, கிருமியின் எண்ணிக்கை, கூடு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றலாம்.

அதற்கு முதல் தேவை, ஒரே அச்சில் வார்த்த மாதிரியான எலிகள். அண்ணன் தங்கையை இணை சேர்த்து, அவற்றின் குட்டிகளை இணை சேர்த்து, குறைந்தது 20 தலைமுறை இப்படிப் போனால் அந்த இனத்தின் எலிகள் எல்லாம் மரபளவில் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிடும். உலகெங்கும் ஆய்வுகூடங்களில் கூடுதலாக இருக்கும் கறுப்பு எலி, நாங்கள் ‘பிளாக் சிக்ஸ்’ என்று கூப்பிடுவது, 1921இல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் குக் லிட்டில் என்பவர் 57ஆம் இலக்கப் பெண் எலியிலிருந்து தொடங்கிய வரிசையில் வந்தது. வெள்ளை நிறத்தில் ‘பால்ப்-சி’ ஓர் இனம், ‘ஏ-ஜே’ இன்னோர் இனம்.

இப்போது ‘சபோடி’ என்ற எலி மலேரியாக் கிருமியை எடுங்கள். பத்து லட்சம் நோயுற்ற செங்குழியங்களை ஊசியில் எடுத்து வயிற்றறைக்குள் ஏற்றினால், ஒரு வாரத்தில் ஸ்லைட்டைப் பார்க்கவே பயமாக இருக்கும். பத்துச் செங்குழியத்தில் மூன்று நான்கில் கிருமி. மனிதரில் பால்சிபாரம் பத்தில் ஒன்றைத் தாண்டினாலே அது கடும் மலேரியா. பிளாக் சிக்ஸ் எலி அந்த உச்சத்தைத் தாண்டி, இளைத்து, மயிர் சிலிர்த்துக் கூனிக் கிடந்து, பிறகு மெல்ல எழும்பிச் சாப்பிடத் தொடங்கும். அதே ஊசி போட்ட ஏ-ஜே எலி பத்தாம் நாளை ஒட்டிச் செத்துவிடும். மொன்றியலில் ஸ்டீவன்சன், ஸ்காமேன் குழுவினர் இந்த வித்தியாசத்துக்கு மரபுக் காரணம் இருக்கிறது என்று 1982இல் ‘இன்பெக்‌ஷன் அண்ட் இம்யூனிட்டி’ இதழில் எழுதினார்கள்.

அப்படியானால் பிளாக் சிக்ஸ் பலசாலி என்று நினைத்துவிடாதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்திருந்தேன். ‘பெர்கெய் அங்கா’ என்ற இன்னொரு கிருமியை அதே கறுப்பு எலிக்கு ஏற்றினால், ஆறாம் ஏழாம் நாளில் தள்ளாடும், பக்கவாட்டில் விழும், வலிப்பு வரும், நினைவிழந்து போகும். அந்த நேரத்தில் இரத்தத்தில் கிருமி அவ்வளவு அதிகமாகவும் இராது. மூளைக்குப் போன அதன் சொந்த வெண்குழியங்களே, குறிப்பாக சிடி8 டி கலங்கள், இரத்தக்குழாய்ச் சுவரைக் கெடுத்துவிடும். அந்தக் கலங்களை முன்கூட்டியே அகற்றிவிட்டால் மூளை நோய் வராது என்று காட்டியிருக்கிறார்கள். வெள்ளை பால்ப்-சி எலிகளில் பெரும்பாலானவை இந்த மூளை மலேரியாவிலிருந்து தப்பிவிடும். ஆனால் கிருமி பெருகிக்கொண்டே போய், இரத்தம் தண்ணீர் மாதிரி வெளிறி, மூன்றாம் வாரத்தில் அதுவும் போய்விடும். ஒரு கிருமியிடம் எலியைக் காப்பாற்றிய அதே விறுவிறுப்பான எதிர்ப்பு இன்னொரு கிருமியிடம் அதைக் கொன்றுவிடுகிறது. எதிர்ப்புச் சக்தி கூடினால் நல்லது என்று விளம்பரம் செய்கிறவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த ஏழாம் நாள் கூடுதான் ஞாபகம் வரும்.

மரபணு எது என்று கேட்பீர்கள். (நான் படித்த காலத்தில் பரம்பரையலகு என்போம்.) பிழைக்கிற இனத்தையும் சாகிற இனத்தையும் கலந்து, பேரக்குட்டிகளில் யார் பிழைக்கிறார், அவரிடம் எந்த நிறமூர்த்தத்தின் எந்தத் துண்டு இருக்கிறது என்று தேடினார்கள். 1997இல் 8ஆம், 9ஆம் நிறமூர்த்தங்களில் இடங்கள் தெரிந்தன, பிறகு 17ஆவதிலும். எனக்குப் பிடித்தது 2003இல் கண்டது. ஏ-ஜே பரம்பரையில் வந்தும், சாகாமல் பிழைத்த சில எலிகள் இருந்தன. அவற்றில் செங்குழியத்துக்குச் சக்தி தரும் பைருவேற்று கைனேசு என்ற நொதியத்தின் மரபணுவில் ஒரேயொரு எழுத்து மாறியிருந்தது. அதனால் அவை பிறவியிலேயே கொஞ்சம் இரத்தச்சோகை உள்ள எலிகள். அந்தக் குறைதான் அவற்றைக் காப்பாற்றியது. ஐந்து வருடம் கழித்து, அதே நொதியம் குறைந்த மனிதரின் செங்குழியங்களிலும் பால்சிபாரம் தடுமாறுகிறது என்று கண்டார்கள். எலியில் தொடங்கி மனிதனில் போய் முட்டிய கேள்வி அது.

இனி ஆண், பெண் விஷயம். இதில் எனக்கு ஒரு சொந்தக் கதை இருக்கிறது. எண்பதுகளின் கடைசியில், நான் வேலை செய்த இடத்தில் எலிகளுக்கு எப்போதும் தட்டுப்பாடு. ஒரு பரிசோதனைக்குக் கேட்ட எண்ணிக்கை கிடைக்காமல், இருந்ததை இரண்டு கூட்டில் போட்டுத் தந்தார்கள். இரண்டும் ஒரே இனம், ஒரே வயது, ஒரே நாளில் ஒரே சிரிஞ்சில் எடுத்த கிருமி. ஒரு கூட்டில் அடுத்தடுத்துச் செத்தன. மற்றதில் எல்லாம் தேறின. நான் கிருமியைச் சரியாகக் கலக்கவில்லை என்று எனக்கு மேலிருந்தவர் முடிவு செய்தார். மூன்று நாள் தூங்கவில்லை நான். நான்காம் நாள் கூடு சுத்தம் செய்கிற அண்ணைதான், “பிள்ளை, இது கடுவன் கூடு, அது பெட்டைக் கூடு. மணமே வேறயல்லோ” என்றார். உண்மைதான், ஆண் எலிக் கூட்டின் மூத்திர மணம் தனி. பதிவுப் புத்தகத்தில் இனத்துக்கு ஒரு நிரல் இருந்தது, வயதுக்கு இருந்தது, எடைக்கு இருந்தது. ஆணா பெண்ணா என்பதற்கு நிரலே இல்லை. அன்றைக்கு அடிமட்டம் வைத்துச் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தேன். ஓய்வு பெறும் வரை நான் தொட்ட புத்தகம் எதிலும் அந்த நிரல் இல்லாமல் இருந்ததில்லை. அந்த இரண்டு கூடுகள் ஒன்றையும் நிரூபிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி எது என்று காட்டின.

அதே காலத்தில் ஜெர்மனியில் டுசல்டோர்ப் நகரத்தில் வுண்டர்லிக் என்பவருடைய குழு இதை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. சபோடி ஏற்றினால் பெரும்பாலும் தானாகவே குணமாகிற பெண் எலிகளுக்கு மூன்று வாரம் டெஸ்டோஸ்டிரோன் ஓமோன் கொடுத்தார்கள். பிறகு கிருமி ஏற்றியபோது அவை ஆண்களைப் போலவே சாகத் தொடங்கின. ஓமோனை நிறுத்திய பின்னும் அந்தப் பலவீனம் உடனே போகவில்லை. 1988இல் இன்னொன்றும் சொன்னார்கள்: எதிர்ப்புச் சக்தியோடு தொடர்புள்ள எச்-2 என்ற மரபணுத் தொகுதியில் மட்டும் வேறுபடுகிற பி10 என்ற இன எலிகளில், அந்தத் தொகுதியும் டெஸ்டோஸ்டிரோனும் இரண்டும் சேர்ந்தே யார் பிழைப்பார் என்று தீர்மானிக்கின்றன. மரபு தனியாக, பால் தனியாக என்று எழுத முடியாது. ஒன்றின் கணக்கு மற்றதன் கணக்குக்குள் இருக்கிறது. 2006இல் அமெரிக்காவில் சப்ரா கிளைன் குழுவினர், விதை நீக்கிய ஆண் எலிகள் கூடுதலாகப் பிழைப்பதையும், பெண் எலிகளில் எதிர்ப்புக் கலங்கள் சுரக்கிற இன்டர்பெரோன் காமாவின் செயல் வலுவாக இருப்பதையும் காட்டினார்கள். ஓமோனைத் தவிர எக்ஸ் நிறமூர்த்தத்துக்கும் பங்கு இருக்கலாம். எதிர்ப்புக்கு வேண்டிய சில முக்கிய மரபணுக்கள் அதில்தான் இருக்கின்றன, பெண்ணுக்கு அது இரண்டு.

ஆகவே, மகள், அம்மம்மாவின் அண்ணா ஆண் என்பதால் இறந்தார் என்று எழுதிவிடாதீர்கள். அவர் ஆண் என்பது அந்தக் கணக்கில் ஒரு நிரல். அந்த நிரலைக் காலியாக விடக்கூடாது என்பது மட்டும் எனக்கு உறுதி.

கேள்வி: எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் எலித்தொல்லை. இந்த எலி மலேரியா எங்களுக்குத் தொற்றுமா?

பதில்: தொற்றாது. இந்தக் கிருமிகள் ஆபிரிக்கக் காட்டெலிகளுக்கு உரியவை. பெர்கெய் 1948இல் கொங்கோவின் கட்டங்கா பகுதியில் வின்கே என்பவர் கண்டெடுத்தது. சபோடி 1965இல் மத்திய ஆபிரிக்கக் குடியரசில் இரேன் லாண்டோ கண்டெடுத்தது. வீட்டுச் சுண்டெலிக்கே இவை இயற்கையில் வருவதில்லை, ஆய்வுகூட எலிக்கு நாங்கள் ஊசியால் ஏற்றுகிறோம். அந்தக் காட்டெலிகளில் இதே கிருமி பெரிதாக நோய் செய்யாமல் கிடக்கும் என்பதையும் சொல்லவேண்டும். கிருமி அதுதான், உடம்பு மாறுகிறது. உங்கள் வீட்டு எலிக்குப் பயப்பட வேறு காரணம் இருக்கிறது, எலிக்காய்ச்சல். காயம் உள்ள காலோடு வடிகான் தண்ணீரில் இறங்காதீர்கள், சாப்பாட்டை மூடி வையுங்கள்.

கேள்வி: ஆண் எலிகள்தான் கூடுதலாகச் சாகும் என்றால் மனிதரிலும் பெண்களுக்கு மலேரியா பயம் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாமா? – பம்பலப்பிட்டி வாசகி

பதில்: கூடாது, அம்மா. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த நினைப்பு ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் உயிரை எடுக்கக்கூடும். கர்ப்பகாலத்தில் பால்சிபாரம் நஞ்சுக்கொடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே மட்டும் ஒட்டுவதற்கென்றே ஒரு புரதத்தைக் கிருமி வெளியே நீட்டுகிறது. அதுவரை மலேரியாவுக்கு நன்றாகப் பழகியிருந்த உடம்புகூட அந்தப் புதிய வடிவத்தை அடையாளம் காணாது. முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ஆபத்து கூட. தாய்க்கு இரத்தச்சோகை, பிள்ளை எடை குறைந்து பிறக்கும், சிலவேளை தங்காது.

மனிதரில் ஆண், பெண் கணக்குப் பார்ப்பது எலியில் பார்ப்பது போல எளிதல்ல. எலிக்கு நாங்கள் எண்ணி ஏற்றுகிறோம். மனிதரை நுளம்பு கடிப்பது அவர் எங்கே நிற்கிறார், எங்கே தூங்குகிறார் என்பதைப் பொறுத்தது. எங்கள் நாட்டில் மலேரியாவின் கடைசி வருடங்களை எடுத்துப் பாருங்கள். நோயாளரில் பெரும்பகுதி வளர்ந்த ஆண்கள். காட்டுக்குள் காவல் இருந்த படையினர், இரத்தினக்கல் குழிகளுக்குப் பக்கத்தில் கொட்டில் போட்டுத் தங்கியவர்கள். அவர்களுக்கு வந்தது ஓமோனால் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் கடிபடுவதைக் கழித்துப் பார்த்தாலும் ஏதோ மிச்சம் இருக்கிறது போலத்தான் தெரிகிறது. உகண்டாவின் கிழக்குப் பகுதியில் ஊரவரைத் தொடர்ந்து கவனித்து, 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. காய்ச்சல் இல்லாமல் இரத்தத்தில் கிருமியைச் சுமந்துகொண்டு திரிகிறவர்களில், பெண்களின் உடம்பு ஆண்களுடையதை விட விரைவாக அந்தக் கிருமியைக் கழித்துவிடுகிறது என்று அதில் கண்டார்கள். வாசித்தபோது எனக்கு எங்கள் இரண்டு கூடுகளும் நினைவுக்கு வந்தன. என்றாலும் அது காய்ச்சலே இல்லாதவர்களின் கதை. சாவு, பிழைப்பு பற்றி அது பேசவில்லை.

எலி மூளை மலேரியாவும் மனித மூளை மலேரியாவும் ஒன்றா என்று பல வருடமாக வாதம் நடக்கிறது. மனிதரில் நோயுற்ற செங்குழியங்கள்தான் மூளையின் நுண்குழாய்களை அடைக்கின்றன, எலியில் வெண்குழியங்களின் கை கூட. மலாவியில் பிள்ளைகளின் மூளையை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2015இல் எழுதினார்கள்: இறந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு மூளை கடுமையாக வீங்கியிருந்தது. வீக்கம் எலியிலும் உண்டு. அந்தளவில் எலி பொய் சொல்லவில்லை.

கேள்வி: என் மகனுக்குக் கல்யாணம் பேசுகிறோம். இரத்தம் சோதித்ததில் அவர் தலசீமியாக் காவி என்று வந்தது. அது மலேரியாவுக்குப் பாதுகாப்பு என்று ஒருவர் சொன்னார். அப்படியானால் அது நல்லதுதானே? – வத்தளை, ஒரு தாய்

பதில்: உங்களுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர் பாதியைச் சொல்லியிருக்கிறார். மலேரியா ஆயிரக்கணக்கான வருடம் இருந்த இடங்களில்தான் தலசீமியாவும் அரிவாள் உருச் செங்குழியமும் என்ற பரம்பரை இரத்தக் குறைகள் நிலைத்தன. 1954இல் அலிசன் என்பவர் கிழக்கு ஆபிரிக்காவில், அரிவாள் மரபணு ஒன்று மட்டும் உள்ள பிள்ளைகளுக்கு மலேரியா குறைவு என்று காட்டினார். அந்த மரபணு இரண்டு உள்ள பிள்ளை கடும் நோயாளி. தலசீமியாவின் கதையும் அதே வழியில்தான். எங்கள் தேசிய தலசீமியா நிலையம் குருணாகலில் இருக்கிறது. 1934–35இல் சுமார் 80,000 பேரைக் கொண்டுபோன மலேரியாக் கொள்ளைநோய் மிக மோசமாக அடித்த இடங்களில் குருணாகல் பக்கமும் ஒன்று.

உங்கள் மகன் காவி, அதாவது அந்த மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர். அவருக்கு நோய் இல்லை. அவர் நல்ல சுகமாக வாழலாம், கல்யாணமும் செய்யலாம். ஆனால் பெண்ணின் இரத்தத்தையும் பேச்சு நிச்சயமாகும் முன்பே சோதியுங்கள். இருவரும் காவிகள் என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு கடும் தலசீமியா வர வாய்ப்பு. மாதா மாதம் இரத்தம் ஏற்றுகிற ஒரு பிள்ளையின் பக்கத்தில் இருந்து பார்த்தவர் எவரும் அதைப் பாதுகாப்பு என்று சொல்லமாட்டார். மலேரியாவே இல்லாத இன்றைய கொழும்பில் அந்தக் கவசத்துக்கு வேலையும் இல்லை. பெண் வீட்டாரிடம் ஒளிக்காதீர்கள். இதில் குறை என்று ஒன்றும் இல்லை. ஒளித்தால்தான் பின்னால் இரண்டு வீடும் அழும்.

கேள்வி: என் மகள் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து ஆய்வு செய்யப் போகிறாள். வீட்டில் நாங்கள் சைவம். அவளுடைய அம்மம்மா இது பாவம் என்று சாப்பிடாமல் இருக்கிறார். நீங்கள் எப்படி இத்தனை வருடம் செய்தீர்கள்? – தெஹிவளை, ஒரு தகப்பன்

பதில்: ஐயா, நானும் சைவ வீட்டுப் பிள்ளைதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போவதா விடுவதா என்று வாசலில் நின்றேன். போனேன். பாவம் இல்லை என்று உங்கள் மாமியாருக்கு நான் சொல்லமாட்டேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு உயிரை எடுக்கிறோம், அது சம்மதம் தரவில்லை.

ஆனால் எடுத்த உயிர் வீணாகப் போவதுதான் எனக்குப் பெரிய பாவமாகத் தெரிகிறது. ஆணா பெண்ணா என்று எழுதாமல் செய்த பரிசோதனையை இன்னொருவர் திருப்பிச் செய்தால் அதே விடை வராது. அந்த எலிகள் அத்தனையும் சும்மா செத்ததுதான். இன்றைக்கும் பலர் பெண் எலிகளை மட்டும் வாங்குவார்கள். வளர்ந்த ஆண்களை ஒன்றாக விட்டால் கடித்துக் குதறும், பெண்கள் ஒன்றாகக் கிடக்கும், கூடு மிச்சம். வேறு துறைகளில் ஆண்களை மட்டும் வைத்தே செய்துவிட்டு, எல்லாருக்கும் பொருந்தும் என்று எழுதினார்கள். அமெரிக்காவில் ஆய்வுப் பணம் தருகிற தேசிய சுகாதார நிறுவனம் 2016இல்தான், விலங்கு ஆய்வில் பாலையும் ஒரு காரணியாகக் கணக்கில் எடுக்கவேண்டும் என்று கேட்கத் தொடங்கியது. இரண்டு பாலையும் வைத்தால் எலி இரட்டிப்பாகும் என்று சிலர் சொல்வார்கள். அப்படி இல்லை. பத்து எலியில் ஐந்து ஆண், ஐந்து பெண் என்று வைத்து, பாலையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க முறை இருக்கிறது. மகளிடம் அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

1959இல் ரசல், பேர்ச் என்ற இருவர் மூன்று விதி சொன்னார்கள்: வேறு வழி இருந்தால் விலங்கை எடுக்காதே, எடுத்தால் குறைவாக எடு, எடுத்ததை நோகாமல் பார். இன்றைக்கு மூளை மலேரியாப் பரிசோதனையில் எலி தானாகச் சாகும் வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடம்பு குளிர்ந்து, நிற்க முடியாமல் விழத் தொடங்கினால் அந்த இடத்திலேயே வலியில்லாமல் முடித்துவிட வேண்டும். மகள் எலியின் நிலையைக் குறிக்கிற மதிப்பெண் அட்டையைக் கூட்டில் தொங்கவிட்டு, இரவிலும் போய்ப் பார்க்கிற பிள்ளையாக இருக்கவேண்டும்.

இன்னொன்று. நான் எத்தனையோ வருடம் எலியை வாலில் பிடித்துத்தான் தூக்கினேன், அப்படித்தான் பழக்கினார்கள். 2010இல் ஓர் ஆய்வு வந்தது. வாலில் தூக்கினால் எலி பயந்து ஒடுங்குகிறது, உள்ளங்கையில் ஏந்தினாலோ சின்னக் குழாய்க்குள் ஏறவிட்டுத் தூக்கினாலோ அந்தப் பயம் மிகக் குறைவு என்று. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு சின்ன விஷயம், கை பிடிக்கிற விதம், எவ்வளவு நோவைக் குறைத்திருக்கும். அடுத்த நாளிலிருந்து எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் உள்ளங்கையில் ஏந்தப் பழக்கினேன். உங்கள் மகளும் முதல் நாளே அதைப் பழகட்டும். அம்மம்மாவிடமும் அதைச் சொல்லுங்கள், அவர் கொஞ்சம் சாப்பிடக்கூடும்.

கேள்வி: நான் கல் வியாபாரம். தெமட்டகொடையில் இருக்கிறேன், வருடத்தில் இரண்டு தரம் மடகஸ்கார் போய் வருவேன். பிறந்தது அநுராதபுரம் பக்கம், சின்ன வயதில் மூன்று நான்கு தரம் மலேரியா வந்து போனது. எனக்கு எதிர்ப்பு ஊறியிருக்கும், குளிசை தேவையில்லை என்று கூட வருகிறவர்கள் சொல்கிறார்கள்.

பதில்: தேவை. சின்ன வயதில் வந்த எதிர்ப்பு, திரும்பத் திரும்பக் கடிபட்டால்தான் நிற்கும். சில வருடம் விட்டுப்போனால் கரைந்துவிடும். உங்களுக்கு அன்று வந்தது பெரும்பாலும் வைவாக்ஸாக இருந்திருக்கும். மடகஸ்காரில் கூடுதலாக இருப்பது பால்சிபாரம், கொல்லக்கூடியது. எலிகளைப் பற்றி மேலே நீளமாக எழுதியதைப் படித்துவிட்டு ‘என் உடம்பு எந்த இனம்’ என்று யோசித்துக்கொண்டு புறப்படாதீர்கள். உங்களிடம் எந்த மரபணு இருந்தாலும் குளிசையை விட அது நம்பத் தகுந்ததல்ல.

நாரஹேன்பிட்டியில் மலேரியாத் தடை இயக்கத்தின் தலைமையகம் இருக்கிறது. பயணத்துக்கு முன்பே, கடைசி நாள் வரை வைத்திராமல், போய் எந்த நாடு, எத்தனை நாள் என்று சொல்லுங்கள். தடுப்புக் குளிசை இலவசமாகத் தருவார்கள். போகும் முன் தொடங்கி, திரும்பி வந்த பின்னும் அவர்கள் சொன்ன நாள் முடியும் வரை விழுங்கவேண்டும். நல்லாகத்தானே இருக்கிறேன் என்று நடுவில் நிறுத்தக்கூடாது. இரவில் வலைக்குள் படுங்கள். எப்போதாவது வைவாக்ஸ் என்று கண்டு பிரைமாகுயின் என்ற குளிசை எழுதித் தந்தால், செங்குழியத்தைக் காக்கிற ஜி6பிடி என்ற நொதியம் குறைவா என்று சோதனை செய்தீர்களா என்று கேளுங்கள். அந்த நொதியக் குறை எக்ஸ் நிறமூர்த்தத்தில் வருவது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதில் குறை இருந்தால் ஈடுகட்ட இன்னொன்று இல்லை. அந்த நிலையில் பிரைமாகுயின் செங்குழியங்களை உடைத்துவிடும்.

எங்கள் மண்ணில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இந்த நாட்டை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. நோய் போனாலும் நுளம்பு போகவில்லை. உங்கள் இரத்தத்தில் கிருமி வந்தால், அதை எடுத்துப் பரப்ப இங்கே நுளம்பு காத்திருக்கிறது.

திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தால், அது ஒரு வாரம் கழித்து வந்தாலும் ஆறு மாதம் கழித்து வந்தாலும், பனடோல் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். இளம் வைத்தியர்களில் பலர் மலேரியா நோயாளி ஒருவரைக் கண்டதே இல்லை, டெங்கு என்றுதான் முதலில் நினைப்பார்கள். ஆகவே கதிரையில் உட்கார்ந்ததும், காய்ச்சல் எத்தனை நாள் என்று சொல்லும் முன்பே, “நான் மடகஸ்கார் போய் வந்தவன், மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கள்” என்று சொல்லுங்கள்.